நல்ல சீட்டையும் கவிழ்க்க வேண்டிய நேரம்



கெட்டுப்போன சரக்கைத் தள்ளிவிடுவதற்கு யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டு விழுந்த பயறையும் நனைந்த சர்க்கரையையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் புத்தி நம் எல்லோருக்கும் உண்டு. கஷ்டமான காரியம் வேறு ஒன்று. சரக்கு முதல் தரம், கொள்முதல் விலையும் நல்ல விலை, ஊரே பாராட்டுகிறது. ஆனால் நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தில் கையில் உள்ளதை விட்டு வெளியே வர மனம் ஒப்புவதில்லை. மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடங்களாகப் பார்த்து வருகிறேன். முதலை இழந்தவர்களில் பலர் மட்டச் சரக்கால் விழுந்தவர்கள் அல்லர். நல்ல சரக்கை நம்பி, நேரம் கடந்தும் நின்றதால் விழுந்தவர்கள்.

இந்தக் கேள்வியைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து வைத்திருப்பவர்கள் போக்கர் என்னும் சீட்டாட்டத்தை ஆடும் மேல்நாட்டுக்காரர்கள். வணிகர் பத்திரிகையில் சீட்டாட்டமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சூதைக் கண்டிக்க வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார் என்பதை நானும் அறிவேன். யாரையும் ஆடச் சொல்லவில்லை. இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை செய்தும் விட்டது. எனக்கே என் பேரன் பழைய போட்டிகளின் படங்களைப் போட்டுக் காட்டித்தான் இந்த ஆட்டம் விளங்கியது. ஆட்டம் நமக்கு வேண்டாம். அதில் உள்ள கணக்கு நமக்கு வேண்டும்.

ஆட்டம் எப்படி?

ரம்மி தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரம்மியில் சீட்டு சரியில்லை என்றால் முதலிலேயே டிராப் செய்து 20 புள்ளியோடு தப்பிக்கலாம். நடுவில் விட்டால் 40. கடைசிவரை நின்று தோற்றால் 80 வரை போகும். விலகுவதற்கு ஒரு விலை, நிற்பதற்கு ஒரு விலை, நேரம் ஆக ஆக விலகும் விலையும் ஏறும் என்ற தத்துவம் இதிலேயே இருக்கிறது.

போக்கரில் பல வகை உண்டு. இன்று பெரும்பாலும் ஆடப்படுவது ஹோல்டம் என்னும் வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மூடித் தரப்படும். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என ஐந்து சீட்டுகள் திறந்து வைக்கப்படும். கையில் உள்ள இரண்டு, மேசையில் உள்ள ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்து சீட்டு எவருக்கு அமைகிறதோ அவருக்கு நடுவில் சேர்ந்த பணம் முழுவதும். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே மாதிரி மூன்று, ஐந்து சீட்டு வரிசை, ஐந்தும் ஒரே இனம், மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், ஒரே மாதிரி நான்கு, ஒரே இனத்தில் வரிசை என்று தரம் ஏறிக்கொண்டே போகும்.

பணம் கட்டும் சுற்று நான்கு. ஒருவர் கட்டினால் மற்றவர் அதே அளவு கட்டித் தொடரலாம், கூட்டியும் கட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கவிழ்த்தவர் அதுவரை கட்டியதை மட்டும் இழப்பார். எல்லோரும் கவிழ்த்துவிட்டால், ஒன்றுமே இல்லாமல் மிரட்டியவருக்கும் பணம் போய்விடும்.

கைச்சீட்டின் மதிப்பு நிலையானதல்ல

கையில் வரும் இரண்டு சீட்டுகளில் மிகச் சிறந்தது இரண்டு ஏஸ். இது சராசரியாக 221 முறை சீட்டுப் போட்டால் ஒரு முறைதான் வரும். இப்படி அபூர்வமாக வந்ததை யாருக்குத்தான் விட மனம் வரும்? ஆனால் கணக்கைப் பாருங்கள். எதிரே ஒருவர் மட்டும் எந்தச் சீட்டோடாவது கடைசிவரை நின்றால், இரண்டு ஏஸ் நூற்றுக்குச் சுமார் 85 தடவை ஜெயிக்கும். மூன்று பேர் நின்றால் சுமார் 64. ஐந்து பேர் நின்றால் 49. ஒன்பது பேரும் நின்றால் 31 தான். சீட்டு அதே ஏஸ். எதிரே நிற்பவர்களின் எண்ணிக்கைதான் மாறியது.

தெருவில் ஒரே மளிகைக் கடையாக இருந்தபோது நன்றாக ஓடிய அதே கடை, நான்கு கடைகளும் ஒரு பெரிய அங்காடியும் வந்த பிறகு ஏன் பாதி வியாபாரம் செய்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கடையின் தரம் குறையவில்லை. தரத்தைத் தனியாக வைத்து எடை போட்டதுதான் தவறு.

எல்லோரிடமும் உள்ள பலம்

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற இடத்தில் 1970 முதல் உலகப் போக்கர் போட்டி நடந்து வந்தது. 1998-இல் முதல் பரிசு பத்து லட்சம் டாலர். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: வியட்நாமில் பிறந்த ஸ்காட்டி நுயென், கெவின் மெக்பிரைடு. கடைசி ஆட்டத்தில் மேசையில் திறந்த ஐந்து சீட்டு எட்டு, ஒன்பது, ஒன்பது, எட்டு, எட்டு. அதாவது மேசையிலேயே ஃபுல் ஹவுஸ் கிடக்கிறது. நுயென் இருப்பு முழுவதற்கும் பந்தயம் கேட்டார். மெக்பிரைடு யோசித்து, சரி என்று தொடர்ந்தார். அவர் கையில் இருந்தவை ராணியும் பத்தும். அவை எதற்கும் உதவவில்லை. அவர் நம்பியது மேசையில் கிடந்த ஃபுல் ஹவுஸை. நுயென் கையில் ஒரு ஒன்பது இருந்தது. மூன்று ஒன்பதும் இரண்டு எட்டும் சேர்ந்த அவருடைய ஃபுல் ஹவுஸ் உயர்ந்தது. போட்டி முடிந்தது.

ஃபுல் ஹவுஸ் என்பது சாதாரணமாகக் கனத்த சீட்டு. ஆனால் அது மேசையில் கிடக்கும்போது இருவருக்கும் பொதுச் சொத்து. மெக்பிரைடுக்கு அதிகபட்சம் கிடைக்கக்கூடியது சமமாகி, பணத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வதுதான். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நடுவில் 10,000 ரூபாய் இருக்கிறது. எதிராளி 10,000 கட்டுகிறார். நாமும் 10,000 கட்டினால் மொத்தம் 30,000. சமமானால் நமக்கு வருவது 15,000, அதாவது நிகரமாக 5,000 லாபம். தோற்றால் 10,000 நஷ்டம். ஆகவே மூன்றுக்கு இரண்டு தடவையாவது சமமாகும் என்ற உறுதி இருந்தால்தான் போட்ட பணம் தேறும். 1998-இல் மேசையில் உட்கார்ந்திருந்தவருடைய நெருக்கடி அவருக்குத்தான் தெரியும். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஃபுல் ஹவுஸ் என்ற பெயரைக் கேட்டு மயங்காமல், அதில் எனக்கு மட்டும் உள்ள பங்கு எவ்வளவு என்று கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முன் வெல்லமும் கடலை மாவும் எண்ணெயும் நிறைய ஏற்றி வைத்திருக்கிறேன் என்பது பலம்தான். ஆனால் பஜாரில் உள்ள அத்தனை பேரும் ஏற்றி வைத்திருந்தால் அது மேசையில் கிடக்கும் சீட்டு. அதை நம்பி மேலும் கடன் வாங்கிச் சரக்கு இறக்கக் கூடாது.

விலையும் ஆளும்

இப்போது முக்கியமான கணக்கு. நம் கையில் இரண்டு ஏஸ். மேசையில் கே, ஒன்பது, எட்டு, ஏழு, மூன்று. அதில் மூன்று சீட்டு ஆர்ட்டின் இனம். நம்மிடம் ஆர்ட்டின் இல்லை. நடுவில் 4,000 ரூபாய். எதிராளி 4,000 கட்டுகிறார். அவரிடம் இரண்டு ஆர்ட்டின் இருந்தாலும், வரிசை அமைந்திருந்தாலும், இரண்டு ஜோடி இருந்தாலும், ஒரே மாதிரி மூன்று இருந்தாலும் நாம் தோற்றோம். இப்படிப்பட்ட மேசையில் வெறும் ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு இவ்வளவு கட்ட மாட்டார் என்றால், நாம் ஜெயிப்பது அவர் மிரட்டும்போது மட்டும்தான்.

நாம் 4,000 கட்டினால், ஜெயித்தால் வருவது 8,000. ஆகவே மூன்றில் ஒரு தடவை அவர் மிரட்டுகிறார் என்றால் கணக்கு சரிக்குச் சரி. எதிராளி நிதானமான ஆள், பத்தில் ஒரு தடவைதான் மிரட்டுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து தடவை தொடர்ந்தால் ஒரு முறை 8,000 வரவு, ஒன்பது முறை நாலாயிரமாக 36,000 செலவு. நிகர நஷ்டம் 28,000. அதே இடத்தில் பாதிக்குப் பாதி மிரட்டும் வாய்ச்சவடால்காரர் உட்கார்ந்திருந்தால்? ஐந்து முறை 8,000 வீதம் 40,000 வரவு, ஐந்து முறை 4,000 வீதம் 20,000 செலவு. நிகர லாபம் 20,000. நம் சீட்டு அதே இரண்டு ஏஸ். முதல் ஆளிடம் கவிழ்ப்பது புத்திசாலித்தனம். இரண்டாம் ஆளிடம் கவிழ்ப்பது கோழைத்தனம்.

விலை மாறினாலும் முடிவு மாறும். அதே 4,000 இருக்கும் இடத்தில் எதிராளி 1,000 மட்டும் கட்டினால், நாம் 1,000 போட்டு 5,000 பெறப் பார்க்கிறோம். ஆறில் ஒரு தடவை ஜெயித்தாலே போதும். பெரிய பணம் கேட்டால் பெரிய உறுதி வேண்டும். சிறிய பணத்துக்குச் சிறிய உறுதி போதும். இந்த விகிதத்தை நம் வியாபாரிகள் மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள். போட வேண்டும் என்ற நினைவு அந்த நேரத்தில் வருவதுதான் அரிது.

கட்டிய பணம் யாருடையது?

"இவ்வளவு கட்டிவிட்டேனே, இப்போது எப்படி விடுவது?" சீட்டு மேசையில் அதிகம் பேரைக் கெடுத்த வார்த்தை இதுவே. நடுவில் போன பணம் இனி நம் பணம் அல்ல, ஜெயிப்பவரின் பணம். அதைப் பரிசாகக் கணக்கில் சேர்க்கலாம். பாசமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நம் கடன் பேரேட்டில் இதைப் பார்க்கலாம். ஒரு சில்லறைக் கடைக்காரர் 40,000 ரூபாய் பாக்கி. இன்னும் 15,000 ரூபாய்க்குச் சரக்குக் கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்த்துவிடுகிறேன் என்கிறார். 15,000 போட்டு 55,000 எடுக்கும் ஆட்டம் இது. கொடுக்காவிட்டால் பழைய பாக்கி ஒரு பைசா கூட வராது என்றால், நாலில் ஒன்றுக்குச் சற்று மேல் வாய்ப்பிருந்தாலே கொடுக்கலாம் என்று கணக்குச் சொல்லும். கொடுக்காமலே பேசி ஒரு பகுதியை வசூலிக்க முடியும் என்றால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்போது இன்னும் அதிக உறுதி தேவைப்படும். ஆள் நாணயமானவர், வீட்டில் வைத்தியச் செலவு வந்து தடுமாறினார் என்றால் ஒரு முடிவு. மூன்றாவது முறையாக அதே பேச்சைப் பேசுகிறார், பக்கத்து மண்டியிலும் பாக்கி வைத்திருக்கிறார் என்றால் அவர் தன் சீட்டைத் திறந்தே காட்டிவிட்டார். அவரோடு முப்பது வருடப் பழக்கம் என்பது நல்ல சீட்டுதான். ஆனாலும் கவிழ்க்க வேண்டிய நல்ல சீட்டு.

ஒரே மனிதர், இரண்டு முடிவு

எப்போதும் கவிழ்ப்பவர் பிழைப்பாரா? 2003-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் 839 பேர் ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் நுழைவுக் கட்டணத்தில் ஆடினார்கள். இறுதியில் மிஞ்சியவர்கள் லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹாவும், டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கரும். மணிமேக்கர் என்பது பட்டப்பெயர் அல்ல, உண்மையான குடும்பப் பெயரே.

ஓர் ஆட்டத்தில் மேசையில் ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு, மூன்று. அதில் மூன்று சீட்டு ஸ்பேடு. ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மேசைச் சீட்டோடு சேர்ந்து அமையும் ஜோடிகளில் அதுவே உயர்ந்தது. மணிமேக்கர் தன்னிடம் இருந்த மொத்தத்தையும் பந்தயமாக வைத்தார். ஃபார்ஹா வெகுநேரம் யோசித்துக் கவிழ்த்தார். மணிமேக்கர் கையில் ஒரு ஜோடி கூட இல்லை; வெறும் மிரட்டல். பின்னர் வந்த கடைசி ஆட்டத்தில் மேசையில் முதலில் ஜாக், ஐந்து, நான்கு. ஃபார்ஹாவிடம் ஜாக் ஜோடி. இங்கும் அதுவே உயர்ந்த ஜோடி. இந்த முறை அவர் விலகவில்லை. மொத்தத்தையும் வைத்தார். மணிமேக்கர் கையில் ஐந்தும் நான்கும் இருந்தன. முதலிலேயே இரண்டு ஜோடி, கடைசிச் சீட்டில் ஃபுல் ஹவுஸ். முதல் பரிசு இருபத்தைந்து லட்சம் டாலர் கணக்கருக்குப் போனது.

ஒரே வகைச் சீட்டு. ஒரு தடவை கவிழ்த்தார், இழந்தார். ஒரு தடவை நின்றார், இழந்தார். இதைப் பார்த்து அவருக்கு ஆடத் தெரியவில்லை என்பவர் பின்னாலிருந்து பேசுபவர். மறைந்திருந்த இரண்டு சீட்டு நமக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியாது. ஒரு முடிவு சரியா என்பதை, எடுத்த நேரத்தில் தெரிந்திருந்த விவரங்களை வைத்தே மதிப்பிட வேண்டும். விற்ற மறுநாள் விலை ஏறிவிட்டது என்பதால் விற்றது தவறாகிவிடாது. ஏறாமல் போனதால் அது மேதைமையும் ஆகிவிடாது. சரியான கணக்கும் சில தடவை தோற்கும் என்பதால்தான் ஒரே கையில் மொத்த முதலையும் வைக்கக் கூடாது என்கிறோம்.

துவரம் பருப்பு கற்றுத் தந்தது

நம் தொழிலிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2014, 2015 ஆகிய இரண்டு வருடமும் பருவமழை பொய்த்தது. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு சில்லறை விலை பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அன்று துவரை இருப்பு வைத்திருந்தவர் கையில் இரண்டு ஏஸ் என்றே சொல்லலாம். அதன் பிறகு மேசையில் ஒவ்வொரு சீட்டாகத் திறந்தது. 2015 அக்டோபரிலேயே இருப்புக் கட்டுப்பாடு இறுக்கப்பட்டு, பல மாநிலங்களில் சோதனைகள் நடந்தன. 2016 ஜூலையில் மொசாம்பிக் நாட்டோடு பருப்பு இறக்குமதி ஒப்பந்தம் ஆனது. அந்த வருடம் மழை பரவாயில்லை. விலையைக் கண்ட விவசாயிகள் துவரையை அதிகம் விதைத்தார்கள். விளைச்சல் பெருகி, 2017 தொடக்கத்தில் பல மண்டிகளில் துவரை, அரசு அறிவித்த ஆதார விலையான குவிண்டால் 5,050 ரூபாய்க்கும் கீழே போனது.

இந்தச் சீட்டுகளில் எதுவும் மறைவாக வரவில்லை. எல்லாம் நாளிதழில் வந்தவை. பருப்பின் தரம் குறையவே இல்லை. முதல் சீட்டு திறந்தபோது கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம் என்று இருப்பைக் குறைத்தவர்கள் உச்ச விலையைப் பார்க்காமல் போயிருக்கலாம். முதலோடு அடுத்த பருவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். போக்கரில் இல்லாத ஒரு சலுகை நமக்கு உண்டு. அங்கே கவிழ்த்தால் முழுவதும் கவிழ்க்க வேண்டும். நாம் பாதி மூட்டையை விற்றுவிட்டு மீதியோடு நிற்கலாம்.

கல்லாவில் உட்கார்ந்து கேட்க வேண்டியவை

நல்ல சரக்கையோ நல்ல வாடிக்கையையோ விடுவதா நிற்பதா என்ற நிலை வரும்போது ஐந்து கேள்விகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பதில் போட்டுப் பாருங்கள்.

1. என் பலம் எனக்கு மட்டும் உள்ளதா, பஜாருக்கே பொதுவானதா?

2. நான் வாங்கிய நாளுக்குப் பிறகு என்னென்ன சீட்டு திறந்திருக்கிறது? அவற்றில் எத்தனை எனக்கு எதிரானவை?

3. எதிரே இருப்பவர் யார்? அவர் சொன்ன சொல் இதுவரை எத்தனை தடவை நின்றிருக்கிறது?

4. இன்னும் எவ்வளவு போட வேண்டும், வந்தால் எவ்வளவு வரும்? வட்டியும் கிடங்கு வாடகையும் அதில் சேர்ந்திருக்கிறதா?

5. இது தோற்றால் நாளைக்குக் கடை திறக்க முதல் இருக்குமா?

ஐந்தாவது கேள்விக்கு "இருக்காது" என்று பதில் வந்தால் மற்ற நான்கையும் பார்க்க வேண்டாம். சீட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் கவிழ்த்துவிடுங்கள். 221 முறைக்கு ஒரு முறை வரும் இரண்டு ஏஸ் மறுபடியும் வரும். ஆனால் மேசையில் இன்னும் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வரும்.